லூபஸ் சிறுநீரகப் பாதிப்பு: ஆய்வுகளைத் தேர்வுக்குப் படிக்கும் முறை

பொது மருத்துவ முதுநிலைத் தேர்வுக்கு நான் ஆயத்தமானபோது, தன்னுடல் தாக்குநோய்களில் அதிக நேரம் பிடித்தது லூபஸ் நெஃப்ரைட்டிஸ் எனப்படும் சிறுநீரகப் பாதிப்புதான். மருந்துகளின் அளவுகள் பாடநூலிலேயே கிடைத்துவிடும். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவதோ, அந்த மருந்தை எந்த ஆய்வின் பலத்தில் பரிந்துரைக்கிறோம் என்பது. ஆகவே, சதவீதங்களை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வோர் ஆய்வும் எதைப் பலன் என்று வரையறுத்தது என்பதைப் படியுங்கள்.

2020-இல் வெளியான பிளிஸ்-எல்என் ஆய்வில் 448 பேர் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையுடன் பெலிமுமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களில் 43 சதவீதத்தினரும், பிளாசிபோ எனப்படும் போலி மருந்தைப் பெற்றவர்களில் 32 சதவீதத்தினரும் 104-ஆம் வாரத்தில் பலன் கண்டனர். 2021-இல் வெளியான அரோரா ஆய்வில், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தான மைக்கோஃபினோலேட்டுடன் வோக்ளோஸ்போரின் மருந்தையும் பெற்றவர்களில் 41 சதவீதத்தினரும் பிளாசிபோ குழுவில் 23 சதவீதத்தினரும் 52-ஆம் வாரத்தில் பலன் கண்டனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, வோக்ளோஸ்போரினே மேல் என்று எழுதிவிட முடியாது. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.7 வரை இருந்தாலும் முதல் ஆய்வு அதைப் பலனாக ஏற்றுக்கொண்டது, இரண்டாவது, 0.5-ஐத் தாண்டக் கூடாது என்றது. அது மட்டுமன்று, வோக்ளோஸ்போரின் போன்ற கால்சிநியூரின் தடுப்பிகள் சிறுநீரக வடிகட்டியிலுள்ள போடோசைட் செல்களை நிலைப்படுத்துவதன் மூலம், அழற்சி முழுமையாகத் தணியாத நிலையிலும் புரதக் கசிவைக் குறைக்க வல்லவை. இந்த ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்பவருக்கு, நோயின் உடலியக்கவியலும் தெரியும் என்பது தேர்வாளருக்கு உடனே புரிந்துவிடும்.

2009-ஆம் ஆண்டின் ஆல்ம்ஸ் ஆய்வை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 370 பேரிடம் நடந்த அந்த ஆய்வு, பழைய மருந்தான சைக்ளோபாஸ்பமைடைவிட மைக்கோஃபினோலேட் மேலானது என்று நிறுவ முயன்றது. 24 வாரங்களில் பலன் கண்டோர் முறையே 53, 56 சதவீதத்தினர். மேன்மை நிறுவப்படவில்லை என்பதே இதன் முடிவு. இரண்டும் சமம் என்று நிறுவப்பட்டதாக எழுதுவது பிழை, ஏனெனில் சமநிலையைச் சோதிக்கும் வகையில் அது வடிவமைக்கப்படவில்லை.

எந்த நோயாளிகள் விலக்கப்பட்டனர் என்பதையும் ஆய்வுக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கமாக இருந்தது. அரோரா ஆய்வு, சிறுநீரக வடிகட்டும் வீதம் (நிமிடத்துக்கு மி.லி. கணக்கில்) 45 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. எனவே, வீதம் 38 உள்ள இளம்பெண் ஒருவரைப் பற்றிய வினா வந்தால், அந்த ஆய்வின் முடிவை அவருக்கு அப்படியே பொருத்த இயலாது என்று முதலில் கூறிவிட்டு, பிறகு மருந்துக்கு வர வேண்டும். அவர் கருத்தரிக்க விரும்புகிறாரா என்பதைக் கேட்காமல் மைக்கோஃபினோலேட்டைப் பரிந்துரைப்பதோ மன்னிக்க முடியாத குறை. அது கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

பக்கவிளைவு அட்டவணையைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். ஆல்ம்ஸ் ஆய்வில் மைக்கோஃபினோலேட் குழுவில் 9 பேரும் சைக்ளோபாஸ்பமைடு குழுவில் 5 பேரும் இறந்தனர். இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. என்றாலும், மாத்திரை என்பதாலேயே மைக்கோஃபினோலேட் பாதுகாப்பானது என்று சொல்லவிருப்பவர், அந்த எண்களைப் பார்த்த பிறகு சொல்லட்டும்.