மேடிசனில் எங்கள் செனட்டர்

விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரமான மேடிசனில் நாங்கள் குடியேறியபோது எனக்கு இங்கே வாக்குரிமை இல்லை. அமெரிக்க அரசியல் என்றாலே வாஷிங்டன்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் எங்கள் தொகுதியின் மாநில செனட்டர், அதாவது மாநில மேலவை உறுப்பினர், ஃபிரெட் ரிஸ்ஸர்.

1927இல் இதே ஊரில் பிறந்தவர். 1957இல் கீழவைக்கு வந்து, 1962இல் மேலவைக்குப் போய், 2021 ஜனவரி வரை அங்கேயே இருந்தார். 64 ஆண்டுகள்! அமெரிக்காவின் எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் வேறெவரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. கலைஞர் குளித்தலையில் வென்று முதன்முதலாகச் சட்டமன்றம் புகுந்ததும் அதே 1957தான். ரிஸ்ஸரின் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா மூவரும் இதே மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர்கள். வாரிசு அரசியல் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் இந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு கட்சி.

என் மகனுக்கு இளைப்பு உண்டு. மேடிசனுக்குள் உணவகங்களில் முன்பே புகைக்கத் தடை இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டினால் பல இடங்களில் புகை மண்டும். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கி, குளிரில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். 2010 ஜூலை 5 முதல் மாநிலம் முழுவதும் தடை வந்தது. அந்தச் சட்ட முன்வடிவை மேலவையில் முன்னின்று கொண்டுவந்தவர் ரிஸ்ஸர். ஒரு மாநில உறுப்பினரின் வேலை என் பிள்ளையின் மூச்சு வரைக்கும் வரும் என்று அப்போது புரிந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில் ஊரே கொந்தளித்தது. அரசு ஊழியர் சங்கங்கள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைப் பெருமளவு பறிக்கும் மசோதாவை ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்தார் (இங்கே ஆளுநர்தான் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்). 33 பேர் கொண்ட மேலவையில் நிதி மசோதாவை எடுக்க 20 பேராவது அவையில் இருக்க வேண்டும். ஆளுங்கட்சியிடம் இருந்ததோ 19. எதிர்க்கட்சியின் 14 செனட்டர்களும் எல்லை தாண்டி இல்லினாய் போய்விட்டார்கள். அவர்களில் ரிஸ்ஸரும் ஒருவர், 83 வயதில்! கடமையைவிட்டு ஓடினார்கள் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணிக்கையில் தோற்பவனுக்குச் சட்டமே விட்டுவைத்த வழி அது.

பக்கத்து வீட்டு ஆசிரியையோடு சட்டமன்றக் கட்டடத்துக்குப் போனேன். குவிமாடத்தின் கீழே முரசொலி காதைப் பிளந்தது. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரெல்லாம் கையால் எழுதிய அட்டைகள். தீயணைப்பு வீரர்கள், செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். “நீ யார், எந்த நாடு?” என்று என்னை யாரும் கேட்கவில்லை. 20 பேர் தேவைப்படாதபடி, நிதி தொடர்பான பகுதிகளை நீக்கிவிட்டு ஆளுங்கட்சியினர் மார்ச் மாதம் மசோதாவை நிறைவேற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்த செனட்டர்களை வரவேற்கச் சதுக்கத்தில் கூட்டம் அலைமோதியது.

2016இல் நான் குடியுரிமை பெற்றபின் என் கையில் வந்த முதல் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது. பேனாவால் அந்த வட்டத்தை அழுத்தி நிரப்பினேன். 2020இல் அவர் மறுபடி நிற்கவில்லை. அந்த இடத்துக்கு கெல்டா ராய்ஸ் வந்தார். பள்ளிகளுக்கான நிதி பற்றி இப்போது எங்கள் தொகுதி செனட்டரின் அலுவலகத்துக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.