தீங்கை எண்ணாத அன்பு

நான்கு ஆண்டுகள் ஒரே ஆலயத்தில் அமர்ந்து, ஒரே பாடல்களைப் பாடி, ஒரே திருவிருந்தில் பங்கெடுத்த ஒரு மனிதரோடு நான் பேசாமலே இருந்தேன். அவரைப் பகைக்கிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பேன். எதிரே வந்தால் தலையசைப்பேன். அவர் ஸ்தோத்திரம் சொன்னால் நானும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. சபையின் வரவுசெலவைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தபோது, பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, குறிப்பிட்ட ஒரு தொகை எங்கே போயிற்று என்று கேட்டார். அவர் கேட்ட தொனியிலேயே, அது என்னிடம்தான் போயிற்று என்கிற பதிலும் இருந்ததாக எனக்குப் பட்டது. இரண்டு வாரங்களுக்குப் பின் தணிக்கை முடிந்து கணக்கு சரியாக இருக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. அவர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. ஆனால் எதையும் மறக்கவுமில்லை.

அந்த நான்கு ஆண்டுகளில் சகோதர அன்பைப் பற்றி நான் பலமுறை வேதபாடம் நடத்தியிருக்கிறேன் என்பதை வேதனையோடு சொல்கிறேன். யோவான் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து, "நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்ற கட்டளையை விளக்குவேன். பிறனிடத்தில் அன்புகூர வேண்டும் என்பது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்திலேயே இருக்க, இதை இயேசு ஏன் புதிய கட்டளை என்றார் என்று கேட்டு, அன்பின் அளவுகோல் மாறியதுதான் அதன் புதுமை என்று நானே பதிலும் சொல்வேன். முன்பு "உன்னைப்போல" என்றிருந்தது, இப்போது "நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல" என்றாயிற்று. இந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் அந்தக் கட்டளை எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்பதை நான் உற்றுப் பார்க்கவில்லை. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவி முடித்திருந்தார். கழுவப்பட்ட கால்களோடு யூதாஸ் எழுந்து இருளுக்குள் போய்விட்டான். இன்னும் சில வசனங்களுக்குள் பேதுருவிடம், நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று இயேசு சொல்லப்போகிறார். ஒருவன் காட்டிக்கொடுக்கப் போனதற்கும் இன்னொருவன் மறுதலிக்கப்போவதற்கும் நடுவில் நின்று அவர் இந்தக் கட்டளையைக் கொடுத்தார். அன்பு பாராட்டத் தகுந்தவர்களாக ஒருவரையொருவர் காணும் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையாக இதை வாசிக்க முடியாது.

நாம் சபையில் மிகுந்த சரளமாகப் பயன்படுத்தும் "சகோதரன்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சக, உதரம் என்ற இரண்டும் சேர்ந்து ஒரே வயிற்றில் பிறந்தவன் என்ற பொருளைத் தருகின்றன. உடன்பிறப்பு என்று நாம் சொல்வதும் அதுவே. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் உள்ள அதெல்போஸ் என்ற சொல்லும், வியப்பூட்டும் வகையில், ஒரே கருப்பையிலிருந்து வந்தவன் என்ற பொருளிலேயே பிறந்தது. நம் வேதாகமம் "சகோதர சிநேகம்" என்று மொழிபெயர்க்கும் பிலதெல்பியா என்ற சொல், அக்காலக் கிரேக்க வழக்கில் பெரும்பாலும் இரத்த உறவான உடன்பிறந்தார் இடையே இருக்கும் பாசத்தைக் குறித்தது. அதை எடுத்து, ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத விசுவாசிகளுக்கு அப்போஸ்தலர்கள் சூட்டினார்கள். பேதுரு தன் முதலாம் நிருபத்தில் அதற்குக் காரணத்தையும் சொல்கிறார்: நீங்கள் மறுபடியும் ஜெநிப்பிக்கப்பட்டவர்கள், ஆகவே ஒருவரிலொருவர் ஊக்கமாய் அன்புகூருங்கள். பிறப்பித்தவர் ஒருவர் என்றால் பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்கள் ஆகிறார்கள். அதில் நம்முடைய விருப்பத்துக்கு இடமில்லை.

நண்பர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். உடன்பிறந்தவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இது எளிதாகத் தலையாட்டிவிட்டுக் கடந்துபோகக்கூடிய உண்மைபோலத் தோன்றும். ஆனால் நம்முடைய சபை ஐக்கியத்தை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தால், நமக்குப் பிடித்த நான்கைந்து குடும்பங்களோடு இருக்கும் நட்பைத்தான் நாம் சகோதர அன்பு என்று அழைத்துவந்திருக்கிறோம் என்பது விளங்கும். நமக்கு ஒத்த படிப்பு, ஒத்த வசதி, ஒத்த பேச்சு உள்ளவர்களை நேசிப்பதற்குச் சிலுவை தேவைப்படவில்லை. பொன்மோதிரம் அணிந்து வருகிறவருக்கு நல்ல இடத்தையும், அழுக்கு உடையோடு வருகிற ஏழைக்கு நிற்கும் இடத்தையும் காட்டுவதை யாக்கோபு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை நாம் அறிவோம். செல்வத்தையோ பிறப்பையோ பார்த்துச் சபைக்குள் மனிதரை நிறுத்துப் பார்க்கிறவர்கள், தாங்கள் மறுபடி பிறந்ததையே மறுக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆதிச் சபை இதில் நம்மைவிட மேலான நிலையில் இருந்தது என்று நினைத்து ஏங்குகிறவர்கள் நிருபங்களை மெதுவாக வாசிக்க வேண்டும். பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் ஒருமனப்படவில்லை. சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பாடுபட்டவர்கள் என்று பவுலே சொல்லும் பெண்கள் அவர்கள். பவுலும் பர்னபாவும் மாற்குவைக் கூட்டிச்செல்வதைக் குறித்துக் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின், தீமோத்தேயுவுக்கு எழுதும் நிருபத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அதே பவுல் எழுதுகிறார். இடையில் நடந்தது என்ன என்பதை வேதாகமம் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எத்தனை தாழ்மை அடங்கியிருக்குமோ என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது கொரிந்து. அங்கே கட்சிகள் இருந்தன, ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். திருமண வாழ்த்து மடல்களில் இன்று நாம் அச்சடிக்கும் 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் இந்தச் சபைக்குத்தான் எழுதப்பட்டது. வரங்களைக் குறித்து ஒருவரோடொருவர் போட்டியிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, அன்பு இன்னதைச் செய்யும், இன்னதைச் செய்யாது என்று பவுல் அதில் அடுக்கிச் சொல்கிறார். அந்த அடுக்கில் "தீங்கு நினையாது" என்ற இரண்டு சொற்கள் உண்டு. பிறருக்குக் கெடுதல் செய்ய நினைக்காது என்றுதான் நான் நெடுங்காலமாக அதைப் புரிந்துகொண்டிருந்தேன். ஆனால் கிரேக்கத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல் கணக்கு எழுதுவதற்கு உரியது: தனக்குச் செய்யப்பட்ட தீங்கை அன்பு கணக்கில் எழுதி வைக்காது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தேவன் உலகத்தாருடைய பாவங்களை "எண்ணாமல்" அவர்களைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று எழுதும்போதும் இதே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். தமிழில் எண்ணுதல் என்றால் நினைத்தலும் உண்டு, கணக்கிடுதலும் உண்டு என்பதை வைத்துப் பார்த்தால், மூலச்சொல்லின் இரண்டு பக்கங்களையும் நம்முடைய ஒரே சொல் தாங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காயத்தை மீண்டும் மீண்டும் நினைப்பதும் அதைக் கணக்கிட்டு வைப்பதும் ஒரே செயல்தான்.

இதை நான் புரிந்துகொண்ட நாளில் என்னுடைய உள்ளத்தில் இருந்த பேரேடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் கேட்ட கேள்வி அதில் தேதியோடு இருந்தது. அவர் அமர்ந்திருந்த வரிசை இருந்தது. அப்போது சிரித்த இரண்டு பேரின் முகங்கள் இருந்தன. அதற்குப் பின் அவர் செய்த நன்மை எதுவும் அதில் வரவு வைக்கப்படவில்லை. நோயுற்றவர்களைப் பார்க்க அவர் வாரந்தோறும் போனதை அறிந்திருந்தும், அதைப் பெருமைக்காகச் செய்கிறார் என்று பற்றுப் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் போதனை தவறாகப் பயன்படுத்தப்பட்டுப் பலர் நொறுங்கியதை நான் அறிவேன். "அன்பு திரளான பாவங்களை மூடும்" என்ற வசனத்தை எடுத்து, கொடுமைக்கு உட்பட்டவரின் வாயை மூடுகிறவர்கள் சபைகளில் இருக்கிறார்கள். வீட்டில் அடிபடும் பெண்ணிடமும், மூத்தவர் ஒருவரால் தீங்கிழைக்கப்பட்ட பிள்ளையிடமும், மன்னித்து மறந்துவிடு என்று சொல்லி அனுப்புவது அன்பின் எந்த இலக்கணத்துக்கும் பொருந்தாது. தீங்கு நினையாது என்று சொன்ன அதே மூச்சில், அன்பு "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்றும் பவுல் எழுதினார். குற்றஞ்செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் ஓரிருவரோடு போ, அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று மத்தேயு 18-இல் இயேசு சொன்னது, உண்மை வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே. ஆபத்தில் இருக்கிறவரைப் பாதுகாப்பதும், சட்டத்தின் முன் சொல்லவேண்டியதைச் சொல்வதும், தீங்கு செய்தவரையே மேலும் பாவத்தில் விழாமல் தடுப்பதும் சகோதர அன்பின் கடமைகள். நான் எழுதி வைத்திருந்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. புண்பட்ட என் மதிப்பைத்தான் நான் பாதுகாத்துக்கொண்டிருந்தேன். மத்தேயு 18-இன் முதல் படியான தனியே போய்ப் பேசுவதைக்கூட நான் செய்யவில்லை.

என்னை அசைத்தது பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபம். இருபத்தைந்தே வசனங்கள் கொண்ட அந்தக் கடிதத்தை ஒரு கூட்டத்தில் உரக்க வாசிக்கும்படி என்னிடம் சொன்னார்கள். சிறையில் இருக்கும் பவுல், எஜமானைவிட்டுப் பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, "பிரியமுள்ள சகோதரனாக" ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை, அவர் வீட்டில் கூடிவந்த சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆகவே எஜமானும் அடிமையும் ஒரே அறையில், மற்றவர்கள் பார்த்திருக்க, உடன்பிறந்தவர்களாக உட்கார வேண்டியிருந்தது. அதற்கு இடையூறாக ஏதாவது கடன் இருக்குமானால் என்ன செய்வது? "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல். அந்த வரியை வாசிக்கும்போது என் குரல் தடுமாறியது. கணக்கை அழித்துவிடு என்று அவர் சொல்லியிருக்கலாம். அவரோ அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். கடனை யாரோ ஒருவர் செலுத்தித்தான் தீர வேண்டும், அந்த ஒருவர் நானாக இருக்கட்டும் என்று சொல்லுகிற அன்பை அவர் எங்கே கற்றார் என்பதை விசுவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த அன்பை வெளியே இருந்தவர்களும் கவனித்தார்கள். 2-ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர் கிறிஸ்தவர்களை ஏளனம் செய்து எழுதும்போது, சிறைப்பட்ட ஒருவருக்காக விதவைகளும் அநாதைகளும் விடியற்காலையிலேயே வாசலில் காத்திருந்ததையும், சிலர் காவலருக்குப் பணம் கொடுத்து உள்ளே அவரோடு தங்கியதையும் குறிப்பிடுகிறார். தாங்கள் எல்லாரும் சகோதரர் என்று நம்பும் இந்த மக்களிடம் ஒரு தந்திரக்காரன் விரைவில் பணக்காரனாகிவிடலாம் என்கிறார். ஏமாற்றப்படக்கூடும் என்பதைச் சபையும் அறிந்தே இருந்தது. திதகே என்ற பழைய சபை நூல், வழிப்போக்கனாய் வரும் சகோதரனை ஏற்றுக்கொண்டு இரண்டு மூன்று நாள் தங்கவிடச் சொல்கிறது. அதற்கு மேல் தங்க விரும்பினால் உழைத்துச் சாப்பிட வேண்டும், மறுத்தால் அவன் கிறிஸ்துவை வியாபாரமாக்குகிறவன் என்கிறது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கையையும் திறந்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 197-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி மாதம் ஒருமுறை கொடுக்கும் சிறு தொகை, ஏழைகளை உண்பிக்கவும் அடக்கம்பண்ணவும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் சுரங்கங்களிலும் சிறைகளிலும் இருப்பவர்களுக்கும் செலவானதை விவரித்துவிட்டு, இவர்கள் எப்படி ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் பாருங்கள் என்று அயலார் சொன்னதைப் பதிவுசெய்கிறார்.

சபைக்கு வெளியே இருப்பவர்களை நேசிக்கத் தேவையில்லையா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. "யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" நன்மை செய்யுங்கள் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. அதில் யாவருக்கும் என்பதே முதலில் நிற்கிறது. சகோதர சிநேகத்தோடே அன்பையும் கூட்டுங்கள் என்று பேதுரு எழுதுகிறார். வீட்டுக்குள் கற்காத அன்பை வீதியில் காட்ட முயலும்போது அது சீக்கிரம் களைத்துப்போவதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன்.

கடைசியில், பிலேமோன் நிருபத்தை வாசித்த அந்த வாரத்தில், நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். நான்கு ஆண்டுகளாக உங்கள்மேல் கசப்பு வைத்திருந்தேன், என்னை மன்னியுங்கள் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கேள்வி கேட்டது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் கேட்ட விதம் சரியில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். நான் எதிர்பார்த்துச் சென்ற மன்னிப்பு அது அல்ல. ஆனாலும் அதில் பொய் இல்லை. இருவரும் ஜெபித்தோம். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நாங்கள் நெருங்கிய நண்பர்களாகிவிடவில்லை. பல காரியங்களில் அவருடைய கருத்து எனக்கு இன்றும் ஒவ்வாது. என் கருத்து அவருக்கும் அப்படியே. ஆனால் கடந்த ஆண்டிலிருந்து, ஆராதனை முடிந்தபின் காணிக்கையை எண்ணும் பொறுப்பைச் சபை எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. நான் எண்ணி முடித்துத் தொகையைச் சொன்னதும் அவர் அதை வாங்கி இன்னொருமுறை எண்ணுவார். நான் அருகில் அமர்ந்து, அவர் முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு இருவரும் கையெழுத்திடுவோம்.