மூக்குத்தியும் ஒரு குட்டிக் கிரகமும்

தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆரஞ்சு நிறப் புகை, நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம், அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு வெளிச்சப் பொட்டு. "மாமா, இது பிளாக் ஹோலா?" என்று கேட்டிருந்தான்.

இல்லை மாப்பிள்ளை. அந்தக் கறுப்பு, யாரோ கை வைத்து மறைத்தது.

கல்யாண வீட்டில் முப்பது வருஷம் படம் எடுத்தவனுக்கு இது சட்டென்று புரியும். வீடியோக்காரர் பிடித்திருக்கும் ஃபோகஸ் லைட் நேராக லென்ஸில் அடித்தால் மணமேடையே வெளுத்துப்போகும். இடது கையை நீட்டி அந்த விளக்கை மட்டும் மறைத்துக்கொண்டு க்ளிக் செய்வோம். 2018ல் வெளியான இந்தப் படத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், பரனால் மலை மேல், 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட ஒரு தொலைநோக்கி. அதில் பொருத்திய ஸ்ஃபியர் என்ற கருவிக்குள் ஒரு சின்ன மறைப்பு. அது மறைத்தது பிடிஎஸ் 70 என்ற நட்சத்திரத்தை. தூரம் சுமார் 370 ஒளியாண்டு. பக்கத்தில் உள்ள பொட்டுதான் பிடிஎஸ் 70 பி. இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கிரகம்.

நட்சத்திரத்துக்கும் பொட்டுக்கும் நடுவே முந்நூறு கோடி கிலோமீட்டர். இங்கிருந்து பார்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு? நாங்குநேரியில் ஒருவர் பத்து ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடிக்க, திருநெல்வேலியில் நின்று பார்த்தால் அந்த நாணயத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போதாக்குறைக்கு நடுவில் காற்று வேறு அலையடிக்கும். அதைச் சரிக்கட்ட, நெளியக்கூடிய ஒரு கண்ணாடி நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் தன்னை வளைத்துக்கொள்கிறதாம்.

எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. அந்தப் பொட்டு கிரகம்தான், தூசி இல்லை என்று எப்படிச் சொன்னார்கள்?

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 1987ல் ஒரு அறுபதாம் கல்யாணம். கறுப்பு வெள்ளையில் பெரிய பிரிண்ட் போட்டேன். நெகட்டிவில் தூசி இருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு ஒவ்வொன்றாக அடைப்போம். ராத்திரி ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஆச்சியின் முகத்தில் இருந்த ஒரு புள்ளியையும் அடைத்துவிட்டேன். மறுநாள் படத்தை வாங்கிப் பார்த்த ஆச்சி, "தம்பி, என் மூக்குத்தி எங்கேய்யா?" என்றார். வெள்ளைக்கல் மூக்குத்தி. ஃபிளாஷில் மின்னியிருக்கிறது.

தொலைநோக்கிக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். நட்சத்திர வெளிச்சம் கருவிக்குள் சிதறி, கிரகம் போலவே பொட்டுப் பொட்டாக விழும். இதைப் பிரிக்க அவர்கள் செய்யும் வேலை அழகானது. நட்சத்திரத்தை விடாமல் பின்தொடர்ந்தபடி, வானம் திரும்புவதற்கேற்பப் படத்தைத் திருப்பாமல் மணிக்கணக்காகப் படம் எடுக்கிறார்கள். பூமி சுழல்வதால் வானம் மெல்லத் திரும்பும். நட்சத்திரத்தைச் சுற்றி நிஜமாக இருப்பது வானத்தோடு திரும்பும். கருவியின் பொய்ப் பொட்டு இருந்த இடத்திலேயே நிற்கும். நிற்பதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது மூக்குத்தி. எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் லென்ஸைத் துடை என்று என் குரு சொல்லுவார். கிட்டத்தட்ட அதேதான்.

இந்தக் கிரகத்தைக் கண்டுபிடித்த, மிரியம் கெப்ளர் தலைமையிலான குழு அதோடும் நிற்கவில்லை. 2012 முதல் வேறு கருவிகள் எடுத்த படங்களையும் தோண்டிப் பார்த்தார்கள். அவற்றிலும் பொட்டு இருந்தது. இந்த நிதானம் தேவைதான். எல்கேசிஏ 15 என்ற இன்னொரு நட்சத்திரத்தருகே கிரகங்கள் என்று நம்பப்பட்டவை, சுற்றியுள்ள தூசித்தட்டின் வெளிச்சமாக இருக்கலாம் என்று 2019ல் ஒரு ஆய்வு சொல்லிவிட்டது.

அப்புறம் அந்த ஆரஞ்சு. அது கணினியில் பூசியது. கிரகம் சுமார் ஆயிரம் டிகிரி சூட்டில் கனன்றுகொண்டிருப்பதால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் படம் எடுத்தார்கள். நட்சத்திரத்துக்கே வயது ஐம்பது லட்சம் ஆண்டு சொச்சம்தான், பச்சைக் குழந்தை. பிடிஎஸ் 70ஐச் சுற்றியும் வாயுவும் தூசியும் தட்டுபோலப் பரந்து சுழல்கின்றன; 2019ல் அந்தத் தட்டில் இரண்டாவது கிரகமும் அகப்பட்டது. வாயு அதன் மேல் விழும்போது ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது, அதை வைத்துப் பிடித்தார்கள். 2021ல் அந்த இரண்டாவதைச் சுற்றியே ஒரு குட்டித் தட்டு தெளிவாகத் தெரிந்தது. நம் நிலா அளவில் மூன்று நிலாக்கள் செய்யப் போதுமான தூசியாம்.

பிடிஎஸ் 70 இருப்பது செண்டாரஸ் என்ற நட்சத்திர மண்டலத்தில். மே மாதம் ராத்திரி பத்தரை, பதினொரு மணிக்கு எங்கள் மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் அந்தப் பகுதி நன்றாகவே தெரியும். நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அது வேறு விஷயம். போன மே மாதம் தெரு விளக்கு கண்ணை உறுத்தியதால் உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

துணி எடுக்க வந்த வீட்டுக்காரி, "இந்நேரத்துல யாருக்குக் கை காட்டுறீங்க?" என்றாள்.