ஈட்டன் முற்றத்தில் ஆறாம் ஹென்றி

காலையில் வின்ட்சர் கோட்டைக்குள் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தில், இங்கிலாந்து மன்னராக இருந்த ஆறாம் ஹென்றியின் கல்லறையைப் பார்த்தேன். பீடத்துக்குத் தெற்கே அவர். வடக்கே, அவரை அரியணையிலிருந்து தள்ளிய நான்காம் எட்வர்டு. இருவரும் ஒரே கூரையின் கீழ் தூங்குகிறார்கள் என்பதே மனதை என்னவோ செய்தது.

அப்புறம் தேம்ஸ் பாலத்தைத் தாண்டினேன். அதில் இப்போது கார்கள் போவதில்லை, நிதானமாக நடக்கலாம். ஈட்டன் கடைத்தெரு முடியும் இடத்தில் ஹென்றி தொடங்கிய ஈட்டன் பள்ளி. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்.

வளைவைக் கடந்ததும் கூழாங்கல் பாவிய முற்றம். செருப்பு அடியில் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். நடுவில், கம்பி வேலிக்குள் உயர்ந்த பீடத்தில், வெண்கல ராஜா நிற்கிறார். 1719இல் பிரான்சிஸ் பேர்ட் செய்த சிலை. அன்று பள்ளியின் புரவோஸ்டாக, அதாவது தலைவராக, இருந்த ஹென்றி கொடால்ஃபின் கொடுத்த அன்பளிப்பு. ராஜா இறந்து கிட்டத்தட்ட 250 வருடம் கழித்து ஒருவர் தன் கைக்காசைப் போட்டுச் சிலை வைக்கிறார் என்றால் அந்த நன்றி சாதாரணமானதல்ல.

ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே ஹென்றிக்கு முடிசூடும் உரிமை வந்துவிட்டது. 1440இல் இந்தப் பள்ளியைத் தொடங்கியபோது வயது 18. அடுத்த வருடமே கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி. ஈட்டனில் 70 ஏழைப் பையன்கள் காசில்லாமல் படித்து, அங்கே போய் மேலே படிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. போரில் அவருக்கு வெற்றி வரவில்லை, அரசியலும் கைகூடவில்லை. 1461இல் ஆட்சி போயிற்று. எட்வர்டு பள்ளியையே வின்ட்சர் தேவாலயத்தோடு இணைத்துவிடப் பார்த்தார், நல்லவேளை அது நடக்கவில்லை. ஆனால் பள்ளியின் கோயில் ஹென்றி நினைத்த அளவுக்கு வளரவேயில்லை. முற்றத்தின் தெற்கே இன்று நாம் பார்ப்பது அவர் போட்ட திட்டத்தில் ஒரு பகுதிதான். அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கிறது!

இங்கே கட்டணம் கட்டிப் படிக்கும் பெரிய இடத்துப் பிள்ளைகள்தான் இன்று அதிகம். ஆனாலும் 'கிங்ஸ் ஸ்காலர்' என்ற அந்த 70 இடங்கள் இன்னும் இருக்கின்றன. தேர்வு எழுதித்தான் வர வேண்டும். அந்தப் பையன்கள் பள்ளிச் சீருடையான வால்கோட்டுக்கு மேல் கறுப்பு அங்கி போடுகிறார்கள். சிலையின் பக்கமாக ஒருவன் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அங்கி பின்னால் பறக்க, வேகமாகப் போனான். முற்றத்தில் நான் அதிக நேரம் பார்த்தது அவனைத்தான்.

ஹென்றி 1471 மே மாதம் லண்டன் டவர் கோட்டையில் உயிரிழந்தார். கொலை என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஒவ்வொரு மே 21 அன்றும் அந்த டவரில் ஈட்டனிலிருந்து லில்லிப் பூக்களும் கிங்ஸ் கல்லூரியிலிருந்து ரோஜாக்களும் வைக்கிறார்கள். ஈட்டனின் சின்னத்திலும் மூன்று வெள்ளை லில்லிகள் உண்டு.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பக்கம் அவர் கல்லறை இருக்கும் கோட்டை, மறு பக்கம் அவர் பள்ளி. நடந்தால் கால் மணி நேரம்.