ஹாலில் ஒரு மணிலா வாத்து

ஐந்து நாள் குஞ்சாக வந்தவன், இப்போது தராசில் நாலரைக் கிலோ. பேர்தான் மணிலா வாத்து. பூர்வீகம் தென்னமெரிக்கா பக்கம். கத்தவே மாட்டான், 'ஹஸ்ஸ்' என்று மூச்சு விடுவதோடு சரி. அபார்ட்மெண்டில் இது பெரிய வரம்.

எப்படிப் பழக்கினாய் என்று கேட்கிறார்கள். வித்தை ஒன்றுமில்லை. முதல் ரெண்டு வாரம் துரத்தவில்லை, தூக்கவில்லை. வேகவைத்த பட்டாணியை நசுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சாவிச் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு, உச்சி இறகைச் சிலிர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறான்.

ஆனால் அந்தக் கழிவு இருக்கிறதே! கால்மணிக்கு ஒரு தரம். நாய் மாதிரி இடம் பார்த்துப் போகப் பழக்க முடியாது. அம்மா பழைய நைட்டியை வெட்டி டயப்பர் தைத்துக் கொடுத்தார். (முதல் நாளே கழற்றி சோபாவுக்கு அடியில் போட்டுவிட்டான்.) அப்புறம், தலையை முக்கிக் கண்ணும் மூக்கும் கழுவ அவனுக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். அதில் பாதி தரையில்தான். பாசத்தில் ரொட்டி மட்டும் போடாதீர்கள், வயிறு நிறையும், சத்து இருக்காது.

இதை எழுதும்போது டிவி ரிமோட் மேல் உட்கார்ந்து தூங்குகிறான். எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நகம் அவ்வளவு கூர்மை.