என் நீளத்துக்கு ஒரு போர்வை

ஜூலை 17, 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தென்காசி முழுக்கச் சாரலும் காற்றும். போர்வைக்கென்று வெட்டி அடுக்கிய பழைய சேலைத் துண்டுகள் பறந்து, பாதி முற்றத்தில் நனைந்து கிடந்தன. இன்று தையல் இல்லை.

ஜூலை 18

நனைந்ததும் நல்லதுக்குத்தான். சிவப்புச் சுங்குடி சாயம் விடுகிறது. பக்கத்தில் கிடந்த வேட்டித் துண்டு ரோஸ் நிறமாகிவிட்டது. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி.

பெரியவன் போன் செய்தான். வீடு பார்க்க வந்தவர்கள் ஒத்துக்கொண்டார்களாம்.

ஜூலை 20, ஞாயிறு

மருமகள் ஆடித் தள்ளுபடியில் எனக்கென்று ஒரு கம்ஃபர்ட்டர் வாங்கிப் போட்டோ அனுப்பியிருக்கிறாள். பாலியெஸ்டர். "அத்தை, இனிமே நீங்க கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம்." நல்ல மனதுதான். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த போர்வை, போன தடவை போனபோது பால்கனியில் வாஷிங் மிஷினை மூடியிருந்தது. ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து. நான் எதுவும் கேட்கவில்லை.

யோசித்தால், இதுவரை தைத்தது எல்லாமே பிறர் அளவு. ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி. பெரியவனுக்குச் சரி, அவன் அப்பாவுக்கும் சரியாக இருந்தது. நான் ஐந்தடிக்கும் ஒரு அங்குலம் குறைவு. இத்தனை வருஷமும் மிச்சத்தைக் காலடியில் சுருட்டி வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். இந்தப் போர்வை ஐந்தேகால் அடி. வெட்டிவிட்டேன். நிறமும் அப்படித்தான்: எல்லோருக்கும் அழுக்குத் தெரியாத நிறமாகப் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். எனக்கு மஞ்சள் வேண்டும். கனமும் வேண்டும். சேலை மூன்று மடிப்பு, அடியில் வேட்டி. தூக்க முடியவில்லை என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.

ஜூலை 22

அந்த விலைக்கு இந்த வீட்டைக் கொடுத்திருக்க வேண்டாம்.

ஜூலை 25, வெள்ளி

மதினி வந்தார்கள். "செத்தவங்க சேலையையா போர்த்தப் போறே?" அம்மாவின் சேலையைத்தான் சொல்கிறார்கள். கிழிசலை வைத்துத் தைத்தால் வீட்டில் தரித்திரம் சேருமாம். வீடே கைமாறப் போகிறது மதினி, சேர்ந்தால் வாங்கினவர்களுக்குத்தான் என்றேன். சிரிக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, "இதை வித்தா எவ்வளவு கொடுப்பாங்க?" என்று வேறு கேட்டார்கள்.

ஜூலை 27

கர்நாடகத்து ஹுப்பள்ளி ஞாபகம். அங்கே பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதைக் கவுதி என்பார்கள். தெருவில் பாதி வீட்டுத் திண்ணையில் யாராவது தைத்துக்கொண்டிருப்பார்கள். ஹலியாள், எல்லாப்பூர் பக்கத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைப்பது இன்னும் அழகு. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ என்று வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அம்மணமாம். நானும் ஓரத்திலிருந்துதான் வருகிறேன். நடு இன்னும் வெகுதூரம்.

ஜூலை 30

கண் எரிச்சல். நூல் கோத்துத் தரும் பக்கத்து வீட்டுப் பையனைக் காணோம்.

ஆகஸ்ட் 3, பதினெட்டாம் பெருக்கு

எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். சாப்பிட ஆள் இல்லை.

பெரியவன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். "ஒரு பெட்டி போதும்மா, இங்கே எல்லாம் இருக்கு" என்கிறான். போர்வையை மடித்து வைத்துப் பார்த்தேன், பாதிப் பெட்டி அதற்கே போய்விடுகிறது. சரி, சேலையைக் குறைத்துக்கொள்கிறேன். பட்டு எதற்கு, யார் கல்யாணத்துக்கு?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று மூலைக்குப் பூ வைத்தாயிற்று. நாலாவதுக்கு மஞ்சள் தீர்ந்துவிட்டது. பச்சையை வைத்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

தையல் மிஷினைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். இரண்டாயிரம் சொன்னால் ஐந்நூறு என்கிறார். ஐந்நூறுக்கெல்லாம் கொடுக்க மாட்டேன், வாசலிலேயே நிற்கட்டும்.