மூன்று நிமிடத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் கருத்தடை பற்றிக் கேட்க டாக்டரிடம் போனேன். உள்ளே போய் வெளியே வர மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. புகை பிடிப்பீங்களா, பிரஷர் இருக்கா என்று இரண்டே கேள்வி. இல்லை என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவலி உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கருத்தடைக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றும்?

எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒற்றைத் தலைவலி. வலி தொடங்க அரை மணி முன்னால் பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மினுங்கிக்கொண்டே பெரிதாகும். படிக்கிற வரியில் பாதி எழுத்து காணாமல் போகும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வருவது, மாத்திரை தொடங்கிய முதல் மாதத்திலேயே நான்கு முறை வந்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒன்றுமில்லை என்றவர், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், “முதலில் அதை நிறுத்துங்க” என்றார்.

எனக்குக் கொடுத்தது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை. அது, இப்படிக் கண்ணில் ஒளி தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்தில் அதே விஷயம் அங்கேயே இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

அன்றிலிருந்து ஆணுறை. ஆனால் அதையே நம்பி இருக்க மனம் ஒப்பவில்லை. வேறொரு டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: தலைவலி, கண்ணில் ஒளி, சாப்பிடும் மற்ற மாத்திரைகள், அடுத்த குழந்தை எப்போது. இதை எல்லோருக்கும் சொல்வேன். வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில, கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும்.

இந்த டாக்டர் பொறுமைசாலி. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை எனக்கு ஒத்துவரும், ஆனால் அந்த வகைகளில் சிலவற்றை மூன்று மணி நேரம் தாமதித்தாலே பாதுகாப்பு போய்விடுமாம். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிற எனக்கு அது சரிப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி? நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதங்கள் ஆகலாம் என்றார். இரண்டு வருஷத்தில் இன்னொரு குழந்தை என்று நினைத்திருந்ததால் அதையும் விட்டேன். காப்பர் டி போட்டால் பீரியட்ஸ் அதிகமாகலாம். எனக்கு ஏற்கெனவே அதிகம், ரத்தச் சோகை வேறு. கடைசியில் ஹார்மோன் கலந்த, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் என்று முடிவானது. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், கருத்தரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். டோக்கன் கொடுக்கும் பெண்மணி, “பீரியட்ஸ்ல இருக்கீங்களா? இல்லையா? அப்போ அது வந்தப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனபோது டாக்டர், “கர்ப்பம் இல்லைன்னு உறுதியா தெரிஞ்சா எந்த நாளும் வைக்கலாமே, அன்னைக்கே வந்திருக்கலாமே” என்றார். வந்தேனே!

வைத்தது ஐந்து நிமிடம். ஒரு சுருக்கென்ற வலி, அன்று மாலை வரை அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். போவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், சிலருக்கு மயக்கம் வரும்.

அதன்பின் நாலு மாதம் சொட்டுச் சொட்டாகக் கறை. இது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஐந்தாம் மாதம் பீரியட்ஸ் இரண்டே நாளில் முடிந்தது.

போன வாரம் சாதனத்தின் நூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அதே பெண்மணி, அதே கேள்வி: “பீரியட்ஸ்ல இருக்கீங்களா?” இல்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.